யானைக்கு மூக்கு எங்கே?

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. கணக்கு இடிக்கிறதே என்று இந்தத் தொடரை வாசிக்கும் ஒருத்தர் கேட்டிருந்தார். இடிக்கவில்லை. பெறாமல் வளர்த்த அந்த ஐந்தாவது, பேச்சி. இந்த வாரம் அவள் கதை.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி யாழினி எழுதுகிறாள். அதனால் எனக்கு எழுத்துத் தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம். மூன்றாம் வகுப்பு வரை போனவள் நான். இப்போது கை நடுங்குகிறது, அவ்வளவுதான்.

நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் திறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். மலையில் மழை பிடித்துவிட்டால் போடியில் எங்களுக்குச் சாரலிலேயே தெரியும். தெருவில் ஏலக்காய் வாசம் ஈரத்தோடு சேர்ந்து கனத்துப்போய்க் கிடந்தது. நான் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். பேச்சி புதுத் தமிழ்ப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"பெரியம்மா, யானைக்கு மூக்கு எங்க?"

"மூஞ்சியிலதான். வேற எங்க இருக்கும், முதுகுலயா?"

"இதுல இல்லையே."

மிளகாய்க் கையோடு எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் மேலே யானைப் படம். துதிக்கை தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தா இருக்குல்ல? கண்ணு அவிஞ்சு போச்சா?"

"படத்துல இருக்கு பெரியம்மா. எழுத்துலதான் இல்ல."

கையைக் கழுவிவிட்டு வந்து புத்தகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி. யானை என்று அச்சடித்திருந்த இடத்தில் துதிக்கையைக் காணோம். அதற்குப் பதிலாக ரெட்டைச் சுழி போட்ட கொம்பு ஒன்று முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வரியில் மலை. அதிலும் இல்லை. இலையிலும் இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அச்சடித்தவன் தூங்கிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பேச்சி வந்த விதம்

பேச்சி என் கொழுந்தன் மகள். கொழுந்தன் பெயர் முத்துக்காளை. குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் அவருக்கு வேலை. களை வெட்டுவார், செடிக்கு மருந்தடிப்பார், காய் எடுக்கும் காலத்தில் மூட்டை சுமப்பார். அவர் பெண்சாதி பிரசவத்தில் போய்விட்டாள். அந்தச் சிசுவும் தங்கவில்லை. மூத்தவள் பேச்சி மட்டும் மிஞ்சினாள்.

அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது ஒரு துணிப்பை, ஒரு கம்பளி, ஒரு சீப்புப் பூவன் பழம். "மதினி, இவ மலையிலயே கெடந்தா காட்டுப் பிள்ளையாப் போயிருவா. நாலு எழுத்து படிக்கட்டும்" என்றார். எங்கள் வீட்டுக்காரர் ஏலக்காய் மண்டியில் எடை போடுகிறவர். "நம்ம நாலோட அஞ்சா இருந்துட்டுப் போகட்டும்" என்று அவரும் சொல்லிவிட்டார்.

பெயருக்கு ஏற்ற பிள்ளை. என்ன பேச்சு! பஸ்சில் வந்த கதையைச் சொன்னாள் என்றால் கண்டக்டர் மூக்கைச் சிந்தியது உட்பட சொல்வாள். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வேறு பிள்ளை. எழுத்தைப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், கூரையைப் பார்ப்பாள். 'கடல்' என்று இருப்பதைப் 'பகல்' என்பாள். நேற்றுத் தெரிந்த எழுத்து இன்றைக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியாத எழுத்து நாளைக்குத் தானாகத் தெரியும். இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் வகுப்பில் ஒரு தடவை தவறினாள். முத்துக்காளை இறங்கி வந்தார்.

"மதினி, கோவிச்சுக்கிறாதீக. இன்னொரு வருசம் பாப்போம். அப்பவும் தேறலைன்னா மேல கூட்டிட்டுப் போயிர்றேன். களை வெட்டுக்குப் பேர் குடுத்தா கைக்கும் சோலி ஆச்சு, எனக்கும் கஞ்சி காச்ச ஆளாச்சு."

பேச்சி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பன்மேல் அவளுக்கு உயிர்தான். ஆனாலும் அவர் போன பிறகு என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அந்த இன்னொரு வருஷத்தின் தொடக்கத்தில்தான் யானைக்கு மூக்கு போனது.

துதிக்கை வைத்த எழுத்து

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது, அதனால் சொல்கிறேன். அப்போது ணை, லை, ளை, னை என்ற நாலு எழுத்தையும் இப்போது நீங்கள் வாசிக்கிற மாதிரி எழுத மாட்டோம். எழுத்தின் தலையிலிருந்து ஒரு கோடு எழும்பி, வளைந்து, யானை துதிக்கையைத் தூக்கின மாதிரி நிற்கும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் அதற்குத் துதிக்கை எழுத்து என்றே பெயர். வாத்தியார் மணலில் விரலைப் பிடித்து எழுதவைப்பார். துதிக்கை சரியாக வளையவில்லை என்றால் நம் காது வளையும்.

பேச்சி தவறின அந்தக் கோடை லீவில் நானே அவளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். மற்ற எழுத்தெல்லாம் ஓடிப்போயின. இந்த நாலு மட்டும் நின்றன.

ஏன் நின்றன என்று கேட்டால், அவள் யானையைக் கண்ட பிள்ளை. ஒரு தடவை தேவாரம் ஊர்ப் பக்கம் என் அண்ணன் தோட்டத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். முந்தின நாள்தான் யானை இறங்கி வாழையை அழித்திருந்தது. என் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். இவள் அவரிடம் போய், "மாமா, குட்டியும் வந்திருக்கு. இந்தா பாருங்க, சின்னக் காலு" என்று தடத்தைக் காட்டுகிறாள். அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அப்படிப்பட்டவளிடம் "இந்தா பாரு ஆத்தா, இது துதிக்கை" என்று எழுதிக் காட்டினேன். பிடித்துக்கொண்டாள். மலை, இலை, சேலை, பானை, பூனை, காளை. பானைக்கும் பூனைக்கும் எதற்குத் துதிக்கை என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, அதட்டிவிட்டேன். ஆனால் படித்தாள். சுவரில் இருந்த காலண்டரில், மளிகைக் கடைப் பொட்டலத்தில், துதிக்கை எங்கே இருந்தாலும் ஓடிப்போய்ப் படித்துக் காட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்து எழுத்துக்கும் மெல்ல வரத் தொடங்கினாள். அப்பன் பெயரிலேயே ஒரு துதிக்கை இருக்கிறது என்று கண்டுபிடித்த அன்றைக்கு ஒரு குதி குதித்தாள்.

தேறிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் அந்தப் புதுப் புத்தகம் வந்தது.

யாரைக் கேட்டு மாற்றினார்கள்?

மறுநாளே புத்தகத்தோடு பள்ளிக்கூடம் போனேன். ஐந்தாம் வகுப்புக்கு அந்த வருஷம் ஜெயராணி டீச்சர். சின்ன வயது. கம்பம் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்தார்.

"டீச்சர், புத்தகத்துல எழுத்து தப்பா இருக்கு."

"எந்த எழுத்தும்மா?"

"யானையில. துதிக்கையக் காணோம்."

டீச்சர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு புரிந்து சிரித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அம்மா, சர்க்கார்ல எழுத்த மாத்திட்டாங்க. இனிமே துதிக்கை கெடையாது. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி முன்னால கொம்புதான்."

"எழுத்த மாத்துறதா? என்னம்மா சொல்றீக? பஸ்சு நேரத்த மாத்துவாக, ரேசன் கடைய மாத்துவாக. எழுத்த எப்படி மாத்துவாக?"

"அச்சடிக்கிறதுக்கு லேசா இருக்கும்னுதான்."

"அச்சடிக்கிறவனுக்கு லேசா இருந்தாச் சரி. படிக்கிறவளுக்கு யாரு பாக்குறது?"

டீச்சர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "மத்தப் பிள்ளைக ரெண்டு நாள்ல மாத்திக்கிட்டாகம்மா" என்றார்.

அந்தச் சொல்தான் எனக்கு உறைத்தது. எழுத்துமேல் எனக்கு இருந்த கோபம் அப்படியே எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது.

"அப்ப எங்க பிள்ளைக்கு மட்டும் என்னங்கிறீக?"

"அதாம்மா எனக்கும் தெரியல."

இன்றைக்கு இதற்கு ஏதோ ஒரு பெயர் இருக்கிறதாம். யாழினி சொன்னாள். என் வாயில் அது நுழையவில்லை. அன்றைக்கு டீச்சரிடம் பெயர் எதுவும் இல்லை. பேச்சியை அழைத்து ஒரு பழைய புத்தகத்தைக் கொடுத்தார். துதிக்கை வந்த இடமெல்லாம் படித்தாள். புதுப் புத்தகத்தில் அதே வரியைக் கொடுத்தார். பேச்சி கூரையைப் பார்த்தாள்.

"மக்கு இல்லம்மா இவ" என்றார் டீச்சர். "எழுத்துதான் இவகிட்ட நிக்க மாட்டேங்குது. வேற வழி ஏதாச்சும் பாக்கணும். பள்ளிக்கூடம் விட்டதும் கொஞ்ச நேரம் வச்சுக்கிறட்டுமா?"

"என்ன வழி?"

"பாத்துத்தான் சொல்லணும்."

வழி தெரியாதவரிடம் பிள்ளையை விட்டுவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

சத்தமில்லாத படிப்பு

எங்கள் வீடுகளில் படிப்பு என்றால் சத்தம். அடுப்படியில் இருக்கிறவளுக்குப் பிள்ளை படிக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? காதால்தான் தெரியும். என் மூத்தவன் தெருமுனைவரை கேட்கப் படிப்பான். "ஒங்க மகன் நல்லாப் படிக்கிறான்" என்று எதிர்வீட்டார் சொல்வார்கள். எல்லாம் கேட்டதை வைத்துத்தான்.

பேச்சி வந்த புதிதில் அவளும் கணீரென்று படித்தாள். அண்ணன்மார் படிப்பதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கிறாள். புத்தகம் வேறு பக்கத்தில் திறந்திருக்கும். வாய் வேறு பாடத்தில் இருக்கும். அவள் தவறினதும் எனக்கு நம்ப முடியாமல் போனது அதனால்தான். காதாரக் கேட்டேனே!

ஜெயராணி டீச்சர் முதல் வேலையாக அந்தச் சத்தத்தை நிறுத்தினார்.

"வாய மூடிக்கிட்டுப் படிக்கச் சொல்லுங்கம்மா."

"வாய மூடிக்கிட்டா அது படிப்பா? சும்மா உக்காந்திருக்கிறது."

"இவ வாய் தொறந்தா கண்ணு சோம்பேறியாயிருது."

அவரிடம் பேச்சியோடு இன்னும் நாலைந்து கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஒரு நாள் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். படிப்பே நடக்கவில்லை. காலண்டர் அட்டையில் நீளமாக ஒரு சந்து வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார். அந்த அட்டையைப் பக்கத்தின்மேல் வைத்தால் ஒரு வரி மட்டும் தெரியும், மற்றது மறைந்துவிடும். கொஞ்சம் பார்ப்பார்கள். எழுந்து ஒரு சுற்று ஓடிவருவார்கள். மறுபடி பார்ப்பார்கள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு இன்னொருத்தியின் முதுகில் விரலால் எழுத்துப் போடுகிறாள், அவள் கூச்சத்தில் நெளிகிறாள்.

"இது என்ன, பாண்டி ஆட்டமா?" என்று கேட்டேன்.

"ஒரே நேரத்துல பக்கம் முழுக்கத் தெரிஞ்சா இவுகளுக்கு எழுத்தெல்லாம் கூட்டமா மேல வந்து விழுதும்மா" என்றார் டீச்சர். "சந்தைக்குள்ள போன மாதிரி."

"சரிதான். சந்தையக் காலி பண்ணிட்டு ஒரு கடைய மட்டும் வச்சுருக்கீகளாக்கும்."

"அப்படித்தான்னு வச்சுக்குங்களேன்."

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். பாடத்தை நான் முதலில் வாசித்துக் காட்ட வேண்டும், கதை என்ன என்று தெரிந்த பிறகு அவள் எழுத்தைப் பார்க்க வேண்டும். வாசித்தேன். புதுக் கொம்பு வரும் இடத்தில் எனக்கும் நின்றுவிட்டது! அவளும் நானும் ஒரே வரியில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எங்கள் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே, "ஒண்ணு தவறுச்சுன்னு பாத்தா இப்ப ரெண்டு தவறும் போலயே" என்பார். "ஒங்களுக்கு எடைக்கல்லத் தவிர என்ன தெரியும்?" என்று நானும் விடமாட்டேன்.

கடைசி வார்த்தை

இதையெல்லாம்விட என்னைக் குழப்பியது இன்னொன்று. வரியைப் பின்னாலிருந்து படிக்கச் சொன்னார்.

பேச்சி அட்டையை வைத்ததும் விரல் நேராக வரியின் கடைசிக்குப் போகும். "வந்தாள்" என்பாள். பிறகு முன்னால் போவாள். யார் வந்தாள், எங்கே வந்தாள் என்று தேடிக்கொண்டே வருவாள்.

"ஏண்டி, சோத்தத் தின்னுட்டு அரிசி களைவியா?"

"டீச்சர்தான் சொன்னாக பெரியம்மா. தமிழ்ல சேதி கடைசிலதான் இருக்காம்."

டீச்சரிடமே கேட்டேன். "ஆமாம்மா. 'வேணும்'னு முடியுதா, 'வேணாம்'னு முடியுதா, வந்தானா, வரலையா? எல்லாம் கடைசி வார்த்தையிலதானே இருக்கு? அது சின்னதாவும் இருக்கும், அடிக்கடியும் வரும். அத முதல்ல பிடிச்சுக்கிட்டா நடுவுல இருக்கிறத ஊகிச்சுரலாம். ஊகிச்சுட்டு எழுத்தோட ஒத்துப் பாக்கணும்."

ஒத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதை நான் நன்றாகக் கேட்டேன். பேச்சி கேட்டாளா என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

முழுப்பரீட்சை வந்தது. பேச்சி பேனாவைப் பிடித்த விரல் வெளுக்க எழுதினாள். பாதிதான் எழுதினாளாம், அதற்குள் மணி அடித்துவிட்டது. எழுதின பாதியிலும் புதுக் கொம்பும் பழைய துதிக்கையும் கலந்து கிடந்தன. துதிக்கைக்கு மார்க்குக் குறைக்கவில்லை என்று டீச்சர் என் கையைப் பிடித்துச் சொன்னார். அப்படியும் தேறவில்லை.

"இன்னும் ஒரு வருசம் குடுங்கம்மா. இப்பத்தான் வழி தெரியுது."

"எங்கிட்டயா இருக்கு வருசம்? அவ அப்பன்கிட்ட இருக்கு."

ஜீப்பு புறப்படும் நேரம்

முத்துக்காளை சித்திரை வெயிலில் வந்தார். தோட்டத்துக்குப் பூச்சிமருந்து வாங்க ஒரு ஜீப்பைக் கீழே அனுப்பியிருந்தார்கள், அதிலேயே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றியதும், "மதினி, கொஞ்சம் வெள்ளம் கொண்டாங்க" என்றார். மலைமேல் மலையாளத்துக்காரர்களோடு இருந்து இருந்து அவருக்குத் தண்ணீர் வெள்ளமாகிவிட்டது. பேச்சியும் அப்படித்தான் சொல்லுவாள். "நம்ம ஊர்ல வெள்ளம்னா ஆறு ஒடைச்சுக்கிட்டு வர்றது" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார். "என்ன மதினி, சொன்னா சொன்னதுதானே?"

பேச்சி துணிப்பையை எடுத்துவைத்தாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானும் ஜீப்பு ஸ்டாண்டுவரை கூடப் போனேன்.

ஜீப்பில் ஏற்கெனவே ஆட்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் மருந்து டின்கள். அந்த நெடி தொண்டையில் இறங்கியது. டிரைவர் ஆரனை அடித்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டு வருசம் டவுன்ல இருந்துருக்க" என்றார் முத்துக்காளை மகளிடம். கோபமாகச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொன்னார். "அப்பனுக்கு ஒண்ணே ஒண்ணு படிச்சுக் காட்டிட்டு வா. அந்தச் சொவத்துல என்ன போட்ருக்கு?"

எதிர்ச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம். பேச்சி தலையைக்கூடத் திருப்பவில்லை. "நாம் இருவர், நமக்கு இருவர்."

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "அத நானே சொல்லுவேனேடி" என்றார் அவர். "எங்க தோட்டத்து ஆபீசுலயும் அதான் எழுதியிருக்கு. வேற படி. இந்தா, இத." கையில் இருந்த மருந்து டின்னைத் திருப்பி அவள் முன்னால் நீட்டினார். மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே பொடிப்பொடியாக எழுத்து.

"இது படிக்காமயே தெரியும். விசம்" என்றார் டிரைவர். "வெரசா ஏறுங்கப்பா."

பேச்சி துணிப்பைக்குள் கையை விட்டு அந்த அட்டையை எடுத்தாள். டின்மேல் வைத்து நகர்த்தினாள். விரல் கடைசிக்குப் போனது.

"கூ... டா... து. கூடாது."

"என்னடி கூடாது?"

"இருங்கப்பா."

"ஜீப்புல நிக்கக் கூடாதுன்னு போட்ருக்கும். ஏறும்மா தாயி!"

பேச்சி காதில் வாங்கவில்லை. வியர்வை மூக்கு நுனியில் சொட்டி நின்றது. அட்டையை ஒரு தடவை எடுத்தாள், மறுபடி வைத்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆரன் நின்றுவிட்டது. எல்லோரும் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கா... லி. காலி. டி... ன். காலி டின்." நிமிர்ந்து அப்பனைப் பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில், "காலி டின்னுல வெள்ளம் எடுக்கக் கூடாது" என்றாள்.

முத்துக்காளை முகம் மாறிவிட்டது.

அந்தத் தோட்டத்து லயத்தில், அதுதான் கூலியாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், எல்லா வீட்டிலும் இந்த டின்தான் தண்ணீர்க்குடம். மருந்து தீர்ந்ததும் சாம்பல் போட்டுக் கழுவி, கம்பியில் ஒரு பிடி கட்டிக்கொள்வார்கள். நானே அங்கே போயிருந்தபோது அதில் மொண்டு குடித்திருக்கிறேன்.

"கழுவிட்டுத்தானே எடுக்குறோம்" என்றார் ஜீப்பில் இருந்த ஒருத்தர்.

"கழுவுனாலும் கூடாதுன்னுதான் போட்ருப்பான்" என்றார் இன்னொருத்தர்.

முத்துக்காளை டின்னை என்னிடம் நீட்டினார். "மதினி, நீங்க பாருங்க. நெசமாவா?"

வாங்கிப் பார்த்தேன். கடுகுக்குள் கடுகாக எழுத்து. வெயில் தகரத்தில் பட்டுக் கண்ணில் அடிக்கிறது. இருக்கிற கொம்பெல்லாம் புதுக் கொம்பு. 'கூடாது' தெரிந்தது. மற்றது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

"அவ படிச்சா படிச்சதுதான்" என்றேன்.

முத்துக்காளை டின்னை வாங்கி வண்டியில் வைத்தார். பிறகு ஜீப்புக்குள் ஏற்றி வைத்திருந்த பேச்சியின் கம்பளியை எடுத்து என் தோளில் போட்டார்.

"இருக்கட்டும் மதினி. இன்னும் ஒரு வருசம் இருக்கட்டும். மேல எங்களுக்குப் படிச்சுச் சொல்ல ஒரு நாதியில்ல." மகள் தலையில் கைவைத்தார். "அடுத்த தடவ வேற டின்னு வந்தா கொண்டாறேன். என்னென்ன கூடாதுன்னு பாத்து வையி."

ஜீப்பு முந்தல் ரோட்டில் திரும்பி மறைந்தது.

நடுவில் இருந்தது

வீட்டுக்குத் திரும்பும்போது பேச்சி துள்ளிக்கொண்டு முன்னால் போனாள். எனக்குள் ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே வந்தது. மாரியம்மன் கோயில் தாண்டும்போதுதான் பிடிபட்டது.

"ஏ பேச்சி, இங்கன வா. டின்னுல என்ன போட்ருந்துச்சு?"

"காலி டின்னுல வெள்ளம் எடுக்கக் கூடாது."

"வெள்ளம்னா போட்ருந்துச்சு?"

நின்றுவிட்டாள்.

"டின்னுக்காரன் தமிழ்ல எழுதுறவன் தண்ணின்னு போடுவான், நீர்னு போடுவான். வெள்ளம்னு எவன்டி போடுவான்?"

பேச்சி காலால் மண்ணைக் கிண்டினாள். "முன்னால காலி டின்னுன்னு இருந்துச்சு பெரியம்மா. கடைசில கூடாதுன்னு இருந்துச்சு. நடுவுல எழுத்து ரொம்பப் பொடிசு. காலி டின்னுல அப்பா என்ன செய்யும்? வெள்ளம்தானே எடுக்கும்? அதான் கூடாதுன்னு போட்ருப்பாக."

"அப்ப நீ படிக்கல."

"படிச்சேன் பெரியம்மா."

"நடுவுல படிக்கல."

"நடுவுல நான் போட்டுக்கிட்டேன்."

அடிப்பதா, கட்டிக்கொள்வதா? எனக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டேன்.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு யோசனையாக, "வேற என்னதாம்மா போட்ருக்க முடியும் அதுல?" என்றார். அது பதிலா கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. படிப்பு என்றால் இருப்பதைப் படிப்பதா, இருக்க வேண்டியதைப் படிப்பதா? இதை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். படித்தவர்கள்கூட ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

சரிபார்க்கவும் வழியில்லை. முத்துக்காளை மேலே போனதும் லயத்தில் இருந்த பழைய டின்னையெல்லாம் நசுக்கிப் புதைத்துவிட்டார். வாங்கிப்போன டின்களும் மருந்து தீர்ந்ததும் அந்தக் குழிக்கே போயின. ஆளுக்கு ஒரு மண்குடம் வாங்கிக்கொண்டார்களாம். அடுத்துக் கடைக்கு வந்தது வேறு கம்பெனி மருந்து. அதில் முழுக்க இங்கிலீஷ்.

பேச்சி அடுத்த வருஷம் ஐந்தாம் வகுப்பு தேறினாள். எட்டு வரை போனாள். இப்போது தேவாரத்தில் மகனோடு இருக்கிறாள். பேப்பரை இன்னமும் விரல் வைத்துக் கடைசியிலிருந்துதான் படிக்கிறாள். போன மாதம் வந்திருந்தபோது, "பெரியம்மா, செத்துப் போயிட்டாராம்" என்று கத்தினாள். யார் என்று கேட்டதற்கு, "இருங்க, இன்னும் அங்க போகல" என்கிறாள்.

யாழினி, போதும் ஆத்தா, கை வலிக்கும். இப்ப எழுதுனத முதல்ல இருந்து வாசி, கேக்குறேன். உள்ளது உள்ளபடி வாசிக்கணும். நடுவுல நீயா எதையும் போட்டுக்கக் கூடாது.